மேன் பக்கத்தில் இல்லாத ஆப்ஷன்களும் கணினிக்குக் கணினி இடம் மாறும் கட்டளைகளும்

கேள்வி
எழுதியவர்: இரவுக்காவலன்

அனைவருக்கும் வணக்கம். ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தைப் பராமரிக்கும் பொறுப்பு ஆறு மாதங்களுக்கு முன்பு என்னிடம் வந்தது. எனக்கு முன்பு அந்தப் பணியில் இருந்த மூத்தவர் ஓய்வு பெறும்போது ஏறத்தாழ நாற்பது ஷெல் ஸ்கிரிப்டுகளை (வரிசையாக ஓட வேண்டிய கட்டளைகளை எழுதிவைத்த கோப்புகள்) விட்டுச் சென்றார். அவை பழுதில்லாமல் ஓடிக்கொண்டிருந்ததால் நான் அவற்றைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. இதுவரை ஒரே டெபியன் 12 சர்வரில் இருந்த அவற்றை, ஒரு ஃப்ரீபிஎஸ்டி கணினியிலும் ஆப்பிள் சிலிக்கான் சிப் கொண்ட ஒரு மேக் கணினியிலும் ஓட்ட வேண்டிய தேவை சென்ற வாரம் வந்தபோதுதான் திறந்தேன். மூன்று இடங்களில் மாட்டிக்கொண்டேன்.

முதலாவது, பதிவுக் கோப்புகளின் கடைசி வரிகளை எடுக்கும் ஸ்கிரிப்டில் டெயில் கட்டளையுடன் "---பிரிசூம்-இன்புட்-பைப்" என்று ஓர் ஆப்ஷன் இருக்கிறது. எண்ணிப் பார்த்துவிட்டேன், மூன்று ஹைஃபன்கள்தாம். தட்டச்சுப் பிழையாக இருக்கும் என்று ஒன்றை நீக்கினால், அப்படி ஓர் ஆப்ஷன் கிடையாது என்கிறது டெயில். மூன்றையும் திருப்பி வைத்தால் மறுபேச்சில்லாமல் ஓடுகிறது. கட்டளையின் கையேடான மேன் பக்கத்தில் அது இல்லை, "--ஹெல்ப்" கொடுத்தால் வரும் பட்டியலில் இல்லை, இன்ஃபோ கையேட்டிலும் இல்லை. ஃப்ரீபிஎஸ்டியில் அதே வரி, பயன்பாட்டுக் குறிப்பை அச்சிட்டுவிட்டு நின்றுபோகிறது.

இரண்டாவது, இதற்கு நேர்மாறான சிக்கல். டைம் கட்டளையின் மேன் பக்கத்தில் "-வி" என்ற ஆப்ஷன் நினைவகப் பயன்பாடு உட்பட எல்லாவற்றையும் காட்டும் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. முனையத்தில் கொடுத்துப் பார்த்தால் "-வி என்றொரு கட்டளையைக் காணவில்லை" என்று பதில் வருகிறது. கையேட்டில் இருப்பது கட்டளையில் இல்லை என்றால் நான் எதை நம்புவது?

மூன்றாவது, மேக் கணினியில். ஸ்கிரிப்டின் முதல் வரி "/யுஎஸ்ஆர்/பின்/என்வ் பாஷ்" என்று பாஷ் என்ற ஷெல்லைத் தேடி அழைக்கிறது. நான் முன்னால் உட்கார்ந்து ஓட்டினால் ஓடுகிறது. குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் க்ரானில் போட்டு இரவு 2 மணிக்கு ஓடவிட்டால், டிக்ளேர் வரியில் "பெரிய எழுத்து ஏ செல்லாத ஆப்ஷன்" என்று சொல்லி விழுந்துவிடுகிறது. மூன்று நாள் பேக்கப் இப்படிக் கைநழுவிப் போன பிறகே கவனித்தேன்; தவறு முழுக்க என்னுடையது, க்ரான் அனுப்பிய மின்னஞ்சலை நான் படிக்கவில்லை.

எனக்கு வேண்டியது இரண்டு தெளிவுகள். ஆவணப்படுத்தப்படாத ஆப்ஷனை ஸ்கிரிப்டில் வைத்திருப்பது எந்த அளவுக்கு ஆபத்து? கட்டளையின் முழு இடத்தையும் ஸ்கிரிப்டில் எழுதிவிடுவது சரியா, அல்லது கட்டளைகளைத் தேட வேண்டிய அடைவுகளின் பட்டியலான பாத் மாறியின் பொறுப்பில் விட்டுவிடுவது சரியா?


பதில் 1
எழுதியவர்: மூலநிரல்வாசி

உங்கள் மூத்தவர் மூலநிரலைப் படித்தவர் என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிகிறது. வேறெங்கும் அவருக்கு அந்தச் சொல் கிடைத்திருக்க வாய்ப்பு குறைவு.

மூன்று ஹைஃபன் தட்டச்சுப் பிழையன்று, வேண்டுமென்றே செய்யப்பட்டது. லினக்ஸின் அடிப்படைக் கட்டளைகள் அடங்கிய குனு கோர்யூட்டில்ஸ் தொகுப்பில் டெயிலின் மூலநிரலைத் திறந்தால் நீள ஆப்ஷன்களின் அட்டவணை ஒன்று இருக்கும். அதில் மற்ற பெயர்களெல்லாம் ஹைஃபன் இல்லாமல் எழுதப்பட்டிருக்க, இந்த ஒன்று மட்டும் ஹைஃபனிலேயே தொடங்குகிறது. பக்கத்தில் "ஆவணப்படுத்த வேண்டாம்" என்ற பொருளில் ஒரு குறிப்பும் உண்டு. நீள ஆப்ஷனுக்கு முன்னால் நாம் வழக்கமாக இடும் இரண்டு ஹைஃபன்களோடு பெயரிலேயே உள்ள ஒன்றும் சேர்ந்து மூன்றாகிறது. ஆர்எம் கட்டளையிலும் இதற்கொரு தம்பி உண்டு, "---பிரிசூம்-இன்புட்-டிடிஒய்" என்று. எழுதும் அனுமதி இல்லாத கோப்பை நீக்கும்போது, உள்ளீடு முனையத்திலிருந்து வந்தால் மட்டுமே ஆர்எம் "நீக்கட்டுமா" என்று கேட்கும். முனையமே இல்லாத சோதனைச் சூழலிலும் அந்தக் கேள்வியைக் கேட்கவைக்க இந்த ஆப்ஷன் பயன்படுகிறது. டெயிலில் உள்ளதும் அதே வகைதான். உள்ளீடு ஒரு சாதாரணக் கோப்பாகவே இருந்தாலும் அது பைப் (ஒரு கட்டளையின் வெளியீட்டை இன்னொன்றுக்கு அனுப்பும் குழாய்) வழியாக வருவதாக எண்ணிக்கொள் என்று டெயிலிடம் சொல்கிறது. கோப்பு என்றால் டெயில் நேராகக் கடைசிக்குத் தாவி அங்கிருந்து பின்னோக்கிப் படிக்கும். பைப்பில் அப்படித் தாவ முடியாது என்பதால் முதலிலிருந்து படித்துக்கொண்டே வரும். இரண்டு வழிகளையும் சோதிக்க வேண்டிய நிரலாளர்கள் தங்கள் வசதிக்காக வைத்துக்கொண்ட கொல்லைப்புறக் கதவு அது.

இந்தப் பெயரிடலில் ஒரு நுணுக்கமும் இருக்கிறது. குனு கட்டளைகளில் நீள ஆப்ஷனை முழுதாக எழுத வேண்டியதில்லை. வேறொன்றோடு குழம்பாத அளவுக்கு முதல் சில எழுத்துகளைக் கொடுத்தாலே போதும். மறைவான ஆப்ஷனின் பெயர் ஹைஃபனில் தொடங்கினால், யாரோ ஒருவர் எழுதும் சுருக்கத்தோடு அது தவறுதலாகப் பொருந்தவே பொருந்தாது. சுருக்கம் என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. ஆர்எம் கட்டளையில் மூல அடைவின் பாதுகாப்பை நீக்கும் "--நோ-பிரிசர்வ்-ரூட்" ஆப்ஷன் இருக்கிறதல்லவா? அதை மட்டும் சுருக்கி எழுதினால் ஆர்எம் ஏற்பதில்லை, "இந்த ஆப்ஷனைச் சுருக்கக் கூடாது" என்று பிழை காட்டி நிறுத்திவிடும். உங்கள் நாற்பது ஸ்கிரிப்டுகளில் சுருக்கி எழுதிய நீள ஆப்ஷன்கள் இருந்தால் இப்போதே விரித்து எழுதிவிடுங்கள், ஏனென்றால் அடுத்த பதிப்பில் அதே எழுத்துகளில் தொடங்கும் புதிய ஆப்ஷன் ஒன்று சேர்ந்தால், நேற்று வரை ஓடிய சுருக்கம் நாளை இருபொருளாகிப் பிழை தரும்.

ஆபத்து எவ்வளவு என்று கேட்டீர்கள். ஆவணப்படுத்துவது என்பது ஒரு வாக்குறுதி. மேன் பக்கத்தில் எழுதிய ஆப்ஷனை நீக்க வேண்டுமானால் பராமரிப்பவர்கள் பல பதிப்புகளுக்கு முன்பே எச்சரிப்பார்கள், ஒருவேளை நீக்காமலே விட்டுவிடுவார்கள். எழுதாத ஆப்ஷனை நாளைக் காலையே நீக்கலாம், யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. வேடிக்கை என்னவென்றால், நீங்கள் கேட்ட இந்தக் குறிப்பிட்ட ஆப்ஷன் அவ்வளவு எளிதில் சாகாது. கோர்யூட்டில்ஸை ரஸ்ட் மொழியில் திரும்ப எழுதும் யூயூட்டில்ஸ் திட்டத்தினர் தங்கள் நிரலை குனுவின் சோதனைத் தொகுப்பைக் கொண்டே சரிபார்க்கிறார்கள். அந்தச் சோதனைகள் இந்த மறைவான ஆப்ஷனை அழைப்பதால் அவர்களும் அதை அப்படியே எழுதி வைத்து, "மூன்று ஹைஃபன் சரியானதுதான்" என்று பக்கத்தில் குறிப்பும் போட்டிருக்கிறார்கள். உபுண்டு 25.10 முதல் அந்த ரஸ்ட் தொகுப்பே இயல்பாக வருகிறது. ஆவணத்தில் எங்கும் இல்லாத ஒன்று, சோதனையின் தயவால் மறுபிறவி எடுத்துவிட்டது. ஆனால் பிஎஸ்டி குடும்பத்தின் டெயில் முற்றிலும் வேறு நிரல்; அங்கே அது எப்போதுமே இருந்ததில்லை.

எனவே அந்த வரியை மாற்றிவிடுங்கள். கோப்பை கேட் கட்டளையால் படித்துப் பைப் வழியாக டெயிலுக்கு அனுப்பினால் அச்சாக அதே விளைவு கிடைக்கும். மூன்று கணினிகளிலும் ஓடும். "பயனில்லாமல் கேட் போடாதே" என்று பலர் உங்களைக் கண்டிப்பார்கள். இந்த இடத்தில் கேட் பயனோடுதான் இருக்கிறது என்பதை மேலே ஒரு வரியில் எழுதிவையுங்கள், இல்லாவிட்டால் உங்களுக்குப் பின் வருபவர் திருத்துவதாக எண்ணி அதை நீக்கிவிடுவார்.

மற்ற ஸ்கிரிப்டுகளில் இத்தகையவை இருக்கின்றனவா என்று பார்க்க, ஸ்ட்ரிங்ஸ் கட்டளையை அந்த நிரலின் மீது ஓட்டி, ஆப்ஷன் போலத் தோன்றும் சொற்களை "--ஹெல்ப்" தரும் பட்டியலோடு ஒப்பிடலாம். டெபியனில் ஆப்ட் சோர்ஸ் கொடுத்து மூலநிரலை இறக்கி அந்த அட்டவணையையே படிப்பது இன்னும் நேர்மையான வழி. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். மேன் பக்கத்தில் இல்லை என்பதாலேயே ஒன்று ஆவணப்படுத்தப்படாதது ஆகிவிடாது. குனு கோர்யூட்டில்ஸின் மேன் பக்கங்கள் "--ஹெல்ப்" வெளியீட்டிலிருந்து ஹெல்ப்2மேன் என்ற கருவியால் தயாரிக்கப்படும் சுருக்கங்களே; முழுக் கையேடு இன்ஃபோவில் இருக்கிறது. பழைய பாணியில் "டெயில் +5" என்று எழுதுவது ஏன் சில கணினிகளில் ஓடுகிறது, சிலவற்றில் ஓடுவதில்லை என்பதற்கும், அதைக் கட்டுப்படுத்தும் சூழல் மாறி எது என்பதற்கும் விளக்கம் அங்கே உண்டு. நீங்கள் இன்ஃபோவையும் பார்த்துவிட்டுக் கேட்டது மகிழ்ச்சி, பலர் பார்ப்பதில்லை.


பதில் 2
எழுதியவர்: சோலாரிஸ்காலத்தவர்

மேலே சொன்னதில் எனக்கு மாறுபாடில்லை. உங்கள் இரண்டாவது, மூன்றாவது சிக்கல்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், இரண்டும் ஒன்றுதான்.

டைம் என்று நீங்கள் தட்டச்சு செய்யும்போது ஓடுவது மேன் பக்கத்தில் விவரிக்கப்பட்ட நிரல் அன்று. பாஷில் டைம் என்பது ஷெல்லின் சொந்தச் சிறப்புச்சொல். "-வி" என்பதை அது தனக்கான ஆப்ஷனாக எடுத்துக்கொள்ளாமல், நேரம் அளக்க வேண்டிய கட்டளையின் பெயராக எண்ணி, அப்படி ஒரு கட்டளை இல்லை என்கிறது. மேன் பக்கம் சொல்வதோ "/யுஎஸ்ஆர்/பின்/டைம்" என்ற தனி நிரலைப் பற்றி. முழு இடத்தையும் கொடுத்தோ, முன்னால் "கமாண்ட்" என்ற சொல்லைச் சேர்த்தோ அழைத்தால் நீங்கள் எதிர்பார்த்த பட்டியல் வரும். டெபியனில் அந்த நிரல் டைம் என்ற பெயரிலேயே தனிப் பொதியாக இருக்கிறது, நிறுவியிருக்கிறீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். "டைப் -ஏ டைம்" என்று கேட்டால் இரண்டையும் வரிசையாகச் சொல்லும்.

இதைப் பிஎஸ்டிக்கும் மேக்குக்கும் கொண்டுபோகும்போது அடுத்த பள்ளம் காத்திருக்கிறது. அங்கே உள்ள டைம் நிரலில் "-வி" கிடையாது, அதற்கு இணையானது "-எல்". நினைவகத்தின் உச்ச அளவை லினக்ஸும் ஃப்ரீபிஎஸ்டியும் கிலோபைட்டில் சொல்லும். மேக் பைட்டில் சொல்லும். எண்ணை மட்டும் வெட்டி எடுத்து ஒரே அட்டவணையில் போட்டால், மேக்கில் ஓடிய நிரல் ஆயிரம் மடங்கு நினைவகத்தைத் தின்றதாகத் தோன்றும்.

ஆகவே ஒரு பெயரைக் கொடுத்தால் எந்த நிரல் ஓடும் என்பதே முதலில் எழ வேண்டிய கேள்வி. அதற்கு என்னென்ன ஆப்ஷன்கள் என்பது அதற்குப் பிறகுதான். நான் சோலாரிஸ் என்ற யூனிக்ஸ் இயங்குதளத்தில் வேலை கற்றவன். அங்கே ஒரே பெயரில் இரண்டு மூன்று நிரல்கள் அருகருகே குடியிருப்பது அன்றாட வாழ்க்கை. சோலாரிஸ் 10இல் "/யுஎஸ்ஆர்/பின்" அடைவில் இருக்கும் ஆக் என்ற உரை அலசும் கட்டளை மிகப் பழையது. புதிய ஆக் வேண்டுமென்றால் நாக் என்று அழைக்க வேண்டும். யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்குப் பொதுவான போசிக்ஸ் தரத்துக்கு உடன்பட்ட ஆக் வேண்டுமென்றால் "/யுஎஸ்ஆர்/எக்ஸ்பிஜி4/பின்" அடைவுக்குப் போக வேண்டும். பெர்க்லி வழக்கப்படி பிஎஸ் கட்டளை வேண்டுவோருக்கு "/யுஎஸ்ஆர்/யுசிபி" தனியாக. க்ரெப்பில் "-இ" என்ற பெரிய எழுத்து ஆப்ஷன் இருக்கிறதா இல்லையா என்பதும் பாத் மாறியில் எந்த அடைவு முதலில் வருகிறது என்பதைப் பொறுத்தது. இவை எல்லாவற்றையும் விடக் கொடியது கில்ஆல். லினக்ஸில் ஒரு பெயரைக் கொடுத்தால் அந்தப் பெயருள்ள செயல்முறைகளை மட்டும் நிறுத்தும். சோலாரிஸில் "/யுஎஸ்ஆர்/எஸ்பின்/கில்ஆல்", கணினியை அணைக்கும் வேளையில் எல்லாச் செயல்முறைகளையும் நிறுத்துவதற்கென்றே வைக்கப்பட்டது; மேன் பக்கத்திலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. லினக்ஸ் பழக்கத்தில், முழு அதிகாரமுள்ள ரூட் பயனராக அதை ஒருமுறை அழைத்த அனுபவம் எனக்கு உண்டு. ஆவணம் இருந்தது, படிக்காதவன் நான்.

இனி உங்கள் மேக். அங்கே "/பின்/பாஷ்" இருக்கிறது, ஆனால் அது 3.2 வரிசையைச் சேர்ந்தது. பாஷ் 4.0 முதல் உரிமம் ஜிபிஎல் மூன்றாம் பதிப்புக்கு மாறியதால் ஆப்பிள் 3.2உடன் நின்றுவிட்டது. சொற்களைச் சுட்டெண்ணாகக் கொள்ளும் அணிகளை உருவாக்கும் டிக்ளேரின் பெரிய எழுத்து ஏ ஆப்ஷன் 4.0இல்தான் வந்தது. நீங்கள் முன்னால் உட்கார்ந்து ஓட்டும்போது ஹோம்ப்ரூ என்ற பொதி மேலாளர் நிறுவிய புதிய பாஷ் "/ஆப்ட்/ஹோம்ப்ரூ/பின்" அடைவிலிருந்து கிடைக்கிறது, ஏனென்றால் உங்கள் ஷெல்லின் தொடக்கக் கோப்பு அந்த அடைவைப் பாத்தில் சேர்த்திருக்கிறது. க்ரான் அந்தத் தொடக்கக் கோப்பைப் படிப்பதில்லை; அது கொடுக்கும் பாத் மாறியில் "/யுஎஸ்ஆர்/பின்", "/பின்" என்ற இரண்டு அடைவுகள் மட்டுமே இருக்கும். என்வ் தன் வேலையைச் சரியாகவே செய்தது. முதலில் கண்ணில் பட்ட பாஷை எடுத்துக் கொடுத்தது, அது பழையதாக இருந்தது. உங்கள் டெபியன் சர்வரிலும் க்ரானின் இயல்பான பாத் இதே இரண்டு அடைவுகள்தாம். அங்கே பாஷ் ஒன்றே ஒன்று இருப்பதால் நீங்கள் தப்பித்தீர்கள்.

தீர்வு, க்ரான்டேப் கோப்பின் தலையில் பாத் மாறியை முழுதாக எழுதிவிடுவது. அங்கே டாலர் குறி போட்டுப் பழைய பாத்தை இழுத்து ஒட்ட முடியாது, க்ரான் மாறிகளை விரிப்பதில்லை. எல்லா அடைவுகளையும் கையால் வரிசையாக எழுத வேண்டும்.

கமாண்ட், டைப் பற்றிச் சொன்னேன். விச் கட்டளையைப் பற்றியும் ஒரு சொல். அது சி ஷெல் காலத்துக் கருவி, உங்கள் ஷெல்லின் உள்கட்டளைகளையும் மாற்றுப்பெயர்களையும் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. 2021இல் டெபியனின் வளர்ச்சிப் பதிப்பில் அதை அழைத்தால் "இதைத் தவிர்த்து கமாண்ட் -வி பயன்படுத்துங்கள்" என்ற எச்சரிக்கை வரத் தொடங்கி, பலருடைய ஸ்கிரிப்டுகளில் இடையூறாகி, பிறகு அந்த எச்சரிக்கை நீக்கப்பட்டது. எச்சரிக்கை போய்விட்டது, அறிவுரை இன்றும் சரியானதே. போசிக்ஸ் தரத்தில் "கமாண்ட் -வி" இருக்கிறது, விச் இல்லை.


பதில் 3
எழுதியவர்: முழுப்பாதை

கட்டளையைப் பாத் மாறியின் பொறுப்பில் விடுவதற்கு நான் உடன்பட மாட்டேன். ரூட் பயனராக ஓடும் ஸ்கிரிப்டில் ஒவ்வொரு கட்டளையையும் முழு இடத்தோடு எழுதுவதே பாதுகாப்பானது. பாத்தில் யாராவது எழுதக்கூடிய அடைவு ஒன்று முன்னால் புகுந்துவிட்டால், ஆர்எம் என்ற பெயரில் எதை வேண்டுமானாலும் அங்கே வைக்கலாம். ரூட் அதிகாரத்தில் கட்டளையை ஓட்ட உதவும் சூடோவில் பாதுகாப்பான பாத்தைத் தனியாக வரையறுக்கும் வசதி இருப்பதே இந்த அச்சத்தால்தான். தேடவிடுவது வசதி, அதற்கு மேல் ஒன்றுமில்லை.


பதில் 4
எழுதியவர்: சோலாரிஸ்காலத்தவர்

அச்சம் நியாயமானது, மருந்துதான் பொருந்தவில்லை. முழு இடத்தை எழுதினால் எந்தக் கணினியின் முழு இடத்தை எழுதுவீர்கள்? "/பின்/பாஷ்" என்று எழுதினால் ஃப்ரீபிஎஸ்டியில் அது இல்லை, அங்கே கூடுதலாக நிறுவியவை எல்லாம் "/யுஎஸ்ஆர்/லோக்கல்/பின்" அடைவில் இருக்கும். நெட்பிஎஸ்டியில் "/யுஎஸ்ஆர்/பிகேஜி/பின்". நிக்ஸ்ஓஎஸ்ஸில் "/பின்" அடைவில் எஸ்ஹெச், "/யுஎஸ்ஆர்/பின்" அடைவில் என்வ், இவை இரண்டைத் தவிர வேறெதுவும் இயல்பாக இருப்பதில்லை. கோப்புப் பரிமாற்றத்துக்கான எஸ்எஃப்டிபி சர்வர் நிரலை எடுத்துக்கொள்ளுங்கள்: டெபியனில் "/யுஎஸ்ஆர்/லிப்/ஓப்பன்எஸ்எஸ்ஹெச்" அடைவில், ரெட்ஹேட் குடும்பத்தில் "/யுஎஸ்ஆர்/லிப்எக்ஸெக்/ஓப்பன்எஸ்எஸ்ஹெச்" அடைவில், ஃப்ரீபிஎஸ்டியில் நேராக "/யுஎஸ்ஆர்/லிப்எக்ஸெக்" அடைவில். ஒரே எஸ்எஸ்ஹெச்டி அமைப்புக் கோப்பை மூன்றிலும் நகலெடுத்து ஒட்டியவர்கள் கோப்புப் பரிமாற்றம் மட்டும் வேலை செய்யவில்லை என்று தலையைச் சொறிவதை நான் பார்த்திருக்கிறேன். அமைப்பில் இடத்தைக் குறிப்பிடாமல் "இன்டர்னல்-எஸ்எஃப்டிபி" என்று எழுதினால் அந்தத் தலைவலியே இல்லை.

இடம் என்பது நிலையானதும் அன்று. பெல் ஆய்வகத்தில் 1970களின் தொடக்கத்தில் "/யுஎஸ்ஆர்" என்பது பயனர்களின் வீட்டு அடைவுகள் இருந்த இரண்டாவது வட்டு. முதல் வட்டில் இடம் போதாமல் நிரல்கள் இரண்டாவதற்கு வழிந்தபோது பிறந்ததுதான் "/பின்", "/யுஎஸ்ஆர்/பின்" என்ற பிரிவு. அதற்கான காரணங்களைப் பின்னால் வந்தவர்கள் பொருத்திக்கொண்டார்கள். லினக்ஸ் உலகம் இப்போது அந்தப் பிரிவைக் கலைத்துவருகிறது. ஃபெடோரா 17 2012இல் "/பின்" அடைவை "/யுஎஸ்ஆர்/பின்" அடைவுக்குச் செல்லும் வெறும் சிம்லிங்காக மாற்றியது. ஆர்ச் 2013இல் மாறியது. டெபியன் 12 2023இல் இந்த ஒருங்கிணைப்பைக் கட்டாயமாக்கியது. ஃபெடோரா 42 2025இல் "/யுஎஸ்ஆர்/எஸ்பின்" அடைவையும் "/யுஎஸ்ஆர்/பின்" உடன் சேர்த்துவிட்டது. ஃப்ரீபிஎஸ்டி இன்றும் பழைய பிரிவைக் காக்கிறது. நூலகக் கோப்புகள் பழுதானாலும் கணினியை மீட்பதற்குத் தேவையான நிரல்களைத் தன்னிறைவாகத் தொகுத்து "/ரெஸ்க்யூ" என்று தனி அடைவில் வைத்திருக்கிறது. அந்த ஏற்பாட்டின் மீது எனக்கு மதிப்பு உண்டு.

ரூட் ஸ்கிரிப்டுக்கு நான் செய்வது இது: தொடக்கத்திலேயே பாத் மாறியை நானே நம்பகமான அடைவுகளால் நிரப்பிவிடுவேன், கீழே கட்டளைகளை வெறும் பெயரால் அழைப்பேன். அயலார் எழுதக்கூடிய அடைவு அதில் இராது, இடம் மாறினால் திருத்த வேண்டியதும் ஒரே வரி. அந்தக் கணினியின் தரமான கட்டளைகள் எங்கே என்று தெரியாவிட்டால் "கெட்கான்ஃப் பாத்" என்று கேட்டால் கணினியே சொல்லும். சோலாரிஸ் 10இல் கேட்டால் அந்த வரிசையில் எக்ஸ்பிஜி4 அடைவு முதலில் வரும்.


பதில் 5
எழுதியவர்: முழுப்பாதை

பாத்தை ஸ்கிரிப்டே நிர்ணயிப்பதாக இருந்தால் எனக்கு மறுப்பில்லை. என்வ் வரி மட்டும் அதற்கு முன்பே ஓடிவிடுகிறது என்பதைக் கவனியுங்கள்; எந்த பாஷ் என்பது ஸ்கிரிப்ட் பாத்தை மாற்றும் முன்பே முடிவாகிவிடும். எனவே மேக்கில் க்ரான்டேப்பையும் திருத்தியே ஆக வேண்டும்.


பதில் 6
எழுதியவர்: மூலநிரல்வாசி

சரியாகச் சொன்னீர்கள், அதை நான் கவனிக்கவில்லை.

மேக்கைப் பற்றிப் பேச்சு வந்ததால், இடமும் ஆவணமும் சேர்ந்து காலை வாரிய ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். வைஃபை அலைவலிமையைப் பார்க்கப் பலர் ஏர்போர்ட் என்ற கட்டளையைப் பயன்படுத்திவந்தார்கள். அது பாத்தில் வராது. "/சிஸ்டம்/லைப்ரரி/பிரைவேட்ஃப்ரேம்வொர்க்ஸ்" அடைவுக்குள் ஆப்பிள்80211 என்ற தொகுப்பின் ஆழத்தில் புதைந்திருக்கும். அந்த நீண்ட இடத்தை எங்கிருந்தோ நகலெடுத்து, ஒரு சிம்லிங்க் போட்டு, ஆண்டுக்கணக்கில் ஸ்கிரிப்ட் எழுதினார்கள். "பிரைவேட்" என்ற சொல் இடத்திலேயே எழுதியிருந்தது. 2024இல் மேக்ஓஎஸ் 14.4 வந்தபோது அந்த நிரல், தான் கைவிடப்பட்டதாகவும் டபிள்யூடியூட்டிலைப் பயன்படுத்துமாறும் ஓர் எச்சரிக்கையை அச்சிடுவதோடு தன் வேலையை முடித்துக்கொண்டது. நிரல் அதே இடத்தில் இருந்தது, இருக்கிறதா என்று மட்டும் சோதித்த ஸ்கிரிப்டுகள் ஏமாந்தன. பாத்துக்கு வெளியே இருப்பவை எல்லாமே அப்படி என்று சொல்லவில்லை; "/யுஎஸ்ஆர்/லிப்எக்ஸெக்" அடைவிலுள்ள ப்ளிஸ்ட்படி பாத்தில் வராது, ஆனால் அதற்கு ஒழுங்கான மேன் பக்கம் உண்டு.

மறைவானவை ஆப்ஷன்கள் மட்டுமல்ல என்பதற்கும் ஒன்று. மேன் கட்டளையின் மூலநிரலிலேயே அதன் பராமரிப்பாளர் காலின் வாட்சன் ஒரு விளையாட்டை ஒளித்து வைத்திருந்தார். நள்ளிரவு 12:30க்குப் பக்கத்தின் பெயர் எதுவும் கொடுக்காமல் அதை ஓட்டினால் பிழை வழியில் ஒரு வேடிக்கை வரி வரும். 2017இல் யாரோ ஒருவருடைய தானியங்கிச் சோதனை சரியாக அந்த நிமிடத்தில் ஓடித் தோற்றபோது விஷயம் வெளியே வந்தது. அவரும் அதை நீக்கிவிட்டார். கையேடுகளைக் காட்டும் கட்டளையிலேயே கையேட்டில் எழுதாத ஒன்று.


கேள்வி கேட்டவரின் தொடர்ச்சி
எழுதியவர்: இரவுக்காவலன்

அனைவருக்கும் நன்றி. க்ரான்டேப்பில் பாத்தை எழுதினேன், மேக்கில் நேற்றிரவு பேக்கப் முடிந்திருக்கிறது. இம்முறை மின்னஞ்சலையும் படித்தேன்.

டெயில் விஷயத்தில், பழைய ஸ்கிரிப்டின் முந்தைய பதிப்பொன்றில் மூத்தவர் எழுதிய குறிப்பு கிடைத்தது. அந்தப் பதிவுக் கோப்பு வலையமைப்பு வழியாக இணைக்கப்பட்ட அடைவொன்றில் இருந்தது. கோப்பு வளர்ந்த பிறகும் பழைய அளவையே அந்த இணைப்பு சொல்லிக்கொண்டிருந்ததால் டெயில் தவறான இடத்துக்குத் தாவிப் பழைய வரிகளைக் காட்டியிருக்கிறது. அதனால்தான் பைப் போலப் படிக்கச் சொல்லியிருக்கிறார். அவரைத் தொலைபேசியில் அழைத்து, கேட் போட்டு மாற்றிவிட்டதாகச் சொன்னேன். "அது அப்போதே தோன்றியிருக்க வேண்டும்" என்று சிரித்தார்.

இப்போது நாற்பது ஸ்கிரிப்டுகளிலும் உள்ள ஒவ்வொரு கட்டளையும் எந்தப் பொதியிலிருந்து வருகிறது என்று பட்டியல் எடுக்கத் தொடங்கியிருக்கிறேன், அதில் ஒரு சந்தேகம். டெபியனில் "கமாண்ட் -வி எல்எஸ்" என்று கேட்டால் "/யுஎஸ்ஆர்/பின்/எல்எஸ்" என்று வருகிறது. அந்த இடத்தை அப்படியே டெபியனின் பொதி மேலாண்மைக் கருவியான டிபிகேஜியிடம் பெரிய எழுத்து எஸ் ஆப்ஷனுடன் கொடுத்து, இது எந்தப் பொதி என்று கேட்டால், அந்த இடத்தோடு பொருந்தும் பொதி எதுவும் இல்லை என்கிறது. எல்எஸ் எந்தப் பொதியிலும் இல்லாமலா இருக்கும்?


பதில் 7
எழுதியவர்: மூலநிரல்வாசி

இருக்கிறது, கோர்யூட்டில்ஸில். டெபியன் 12இல் அந்தப் பொதி எல்எஸ்ஸை "/பின்/எல்எஸ்" என்ற பெயரில்தான் கொண்டுவருகிறது. டிபிகேஜியின் தரவுத்தளத்திலும் அந்தப் பெயரே பதிவாகியிருக்கிறது. "/பின்" ஒரு சிம்லிங்க் ஆகிவிட்டதால் கோப்பு உண்மையில் "/யுஎஸ்ஆர்/பின்" அடைவில் போய் உட்கார்ந்துகொள்கிறது, டிபிகேஜிக்கு மட்டும் அது தெரியாது. நீங்கள் கொடுத்த எழுத்துகளைத் தன் பட்டியலோடு அப்படியே ஒப்பிட்டுவிட்டு இல்லை என்கிறது. "/பின்/எல்எஸ்" என்று கேட்டுப் பாருங்கள், உடனே சொல்லும். டெபியன் 13இல் பொதிகளுக்குள்ளேயே கோப்புகளின் இடத்தை "/யுஎஸ்ஆர்" கீழ் மாற்றிவிட்டார்கள், அங்கே நீங்கள் முதலில் கேட்டபடியே விடை கிடைக்கும். அதுவரை உங்கள் பட்டியல் ஸ்கிரிப்டில், முதல் கேள்வி தோற்றால் முன்னாலுள்ள "/யுஎஸ்ஆர்" என்ற பகுதியை வெட்டிவிட்டு இன்னொரு முறை கேட்கும்படி எழுதுங்கள். ஃப்ரீபிஎஸ்டியில் இதற்கு இணையானது "பிகேஜி விச்". அது வழக்கமாகக் கூடுதலாக நிறுவிய பொதிகளுக்கு மட்டும் விடை சொல்லும், அடிப்படை அமைப்போடு வந்த எல்எஸ்ஸைக் கேட்டால் அங்கேயும் "எந்தப் பொதியிலும் இல்லை" என்றே வரலாம், பயப்பட வேண்டாம்.